மறு: மீள்விகாரக் காயமா, உளைவா?

எல்லோருக்கும் வணக்கம்.

தையல் ஆலைக்கான இடர் மதிப்பீட்டுப் படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து மணிக்கட்டிலும் தோளிலும் வருகிற கேட்டுக்கு (ஆங்கிலத்தில் repetitive strain injury) இன்னும் தமிழ்ப் பெயர் முடிவாகவில்லை.

கல்முனை ஆசிரியர் ஐயா ‘மீள்விகாரக் காயம்’ என்பதிலேயே நிற்கிறார். பௌதிகவியலில் stress, strain என்பவற்றைத் தகைப்பு, விகாரம் என்று படித்தவர்கள்தான் நாமும். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அது தகைவு, திரிபு. ஆனால் கம்பி நீளுவதற்கு வைத்த சொல்லை ஒரு பிள்ளையின் கைக்கு வைத்தால், கை அவலட்சணமாகிவிட்டது என்றுதான் அவளுக்குக் கேட்கும்.

‘காயம்’ அதைவிடச் சிக்கல். போன கிழமை வரைவை மட்டக்களப்பில் தைக்கிற சிலருக்கு வாசித்துக் காட்டினேன். ‘கையில் காயம் உண்டா?’ என்றதற்கு எல்லோரும் இல்லை என்றார்கள். இரத்தம் வந்தால்தானே அவர்களுக்குக் காயம்! சரி, கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “பின்னேரமானா மணிக்கட்டு உளையுதுகா, ராவைக்கு விரல் விறைக்குது” என்றார் ஓர் அக்கா. குடைந்து வலிப்பதைத்தான் இங்கே உளைவு என்பது. படிவம் பிடிக்க வேண்டியது அதைத்தான். முதற்கேள்வியோடு நிறுத்தியிருந்தால் அவர் ‘பாதிப்பு இல்லை’ என்ற கட்டத்தில் விழுந்திருப்பார்.

கை கெடுவதற்கு முன்னரே பார்ப்பதற்குத்தானே மதிப்பீடு? ஒரு சுற்று வேலை 30 செக்கனுக்குள் முடிகிறதா, சுற்றின் பாதி நேரத்துக்கு மேல் ஒரே அசைவா என்று பார்க்கிறார்கள். இரண்டில் ஒன்று இருந்தாலே அது அதிகமாக மீளும் வேலை. அப்புறம் கொடுக்கிற விசை, மணிக்கட்டு வளைந்திருக்கும் கோணம், இடையில் கிடைக்கும் ஓய்வு. ஆகவே பெயரும் முதற்கட்டத்தைச் சுட்ட வேண்டும். ‘மீளசைவு உளைவு’ என்பது என் முன்மொழிவு.

தமிழறிஞர் விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பேச்சுவழக்கைக் கலைச்சொல்லாக்குவதா என்று ஐயா கேட்டிருந்தார். சென்னைக் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகள் தலைமை தாங்கியதை நானும் பெருமையாக நினைப்பவன். ஆனால் ஐயா, உளைதல் பழைய வினை. விளை, விளைவு, அலை, அலைவு, உளை, உளைவு. இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை.

சென்னை நண்பர் முன்மொழிந்த ‘அடுக்கசைவு’ என்னை ஓர் இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை. ‘விரைசொல் அடுக்கே மூன்று வரம்பாகும்’ என்கிறார் தொல்காப்பியர். ஓடு ஓடு ஓடு என்று மூன்று தரம், அதற்கு மேல் இல்லை. அவசரத்தில் பேசும் வாய்க்கே வரம்பு வைத்த மொழியில் கைக்கும் ஒரு வரம்பு தேடுகிறோம் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனாலும் தையல் வரிசையில் துணிக்கட்டுகளை உண்மையிலேயே அடுக்குகிறார்கள். அடுக்கசைவு என்றால் அந்த வேலை என்று நினைத்துவிடுவார்கள்.

உளைவு என்றால் மன உளைச்சல் ஞாபகம் வரும் என்று சென்னை நண்பர் சொன்னது நியாயம்தான். ஆனால் தறியில் இருந்த தன் வாப்பாவும் ‘தோள் உளைவு’ என்றே சொன்னதாக மருதமுனைத் தம்பி எழுதியிருக்கிறார். இந்தப் படிவம் இங்கேதான் வாசிக்கப்படும்.

ரிஸ்க்குக்கு ‘இடர்’ போதும். வங்கிகளின் ‘இடர்நேர்வு’ படிவக் கட்டத்துக்குள் அடங்காது.

இதுவரை ஐந்து பேர் உளைவுக்கு, இரண்டு பேர் விகாரத்துக்கு. வெள்ளிக்கிழமைப் படிவத்தில் உளைவு என்றே போடுகிறேன். நரம்பு நெரிபட்டு, தசைநாண் அழன்ற பிறகு அதை உளைவு என்பது நோயைச் சிறிதாக்கும் என்று நேற்றிரவு ஐயா எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. மேற்பார்வையாளர் கையேட்டில் அந்த நிலையையும் எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு சொல் தோன்றினால், ஐயா உட்பட எல்லோரும், வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.