பிடிடி (பேசும் பொத்தான்) அழுத்தினால் ரிக் (ரேடியோ செட்) அணைந்துபோகிறது: காரில் மாட்டியதில் எங்கே தவறு?

மலைப்பாதை:
வணக்கம். ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை கையில் பிடிக்கும் செட்தான். போன வாரம் 50 வாட் டூ மீட்டர் அலைவரிசை ரிக் ஒன்றைக் காரில் மாட்டினேன். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அடிக்கடி போகிறவன் நான். ஆழியாரைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள், பாதி இடத்தில் போனில் சிக்னல் இருக்காது.

ஸ்டீரியோவுக்குக் கீழே இருந்த காலி அறைக்குள் ரிக் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. பாசிட்டிவை சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் பின்பக்க ஒயரிலிருந்து எடுத்தேன். எர்த், ஸ்டீரியோ தாங்கியின் ஸ்குருவில். ஆன்டெனா கூரை நடுவில் மேக்னெட் மவுண்ட், 49 செ.மீ. கம்பி.

கேட்பதில் குறையே இல்லை. 5 வாட்டில் பேசினாலும் சரி. 50க்கு மாற்றிப் பிடிடியை அழுத்தினால் டிஸ்ப்ளே மங்கி, அணைந்து, விட்டதும் மறுபடி எரிகிறது. இன்னொன்று: 10 வாட்டில் பேசும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என் குரலுக்குப் பின்னால் கொசு மாதிரி ரீங்காரம் ஏறுகிறது என்கிறார்கள். சாக்கெட் ஃப்யூஸ் 15 ஆம்பியர், ரிக் இழுப்பது 11தானே? அப்படியானால் ரிக்கே பழுதா?

டூமீட்டர்தம்பி:
எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) பார்த்தீர்களா அண்ணா? எனக்கு இதே மாதிரி வந்தபோது கதவு ரப்பரில் கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) நசுங்கியிருந்தது.

மலைப்பாதை:
பார்த்தேன் தம்பி, 1.4, நல்ல அளவுதான். கோஆக்ஸ் டிக்கி வழியாக நசுங்காமல் வருகிறது.

பழைய_சாலிடர்:
ஓ.எம். (நண்பரே), ரிக்கைக் குறை சொல்ல வேண்டாம். ஃப்யூஸ் ஒயர் கருகாமல் காப்பதற்குத்தான். அந்தப் பக்கம் எத்தனை வோல்ட் போய்ச் சேரும் என்று அது சொல்லாது. இந்த ரிக்குகளுக்கு 13.8 வோல்ட், 15 சதவீதம் கூடலாம் குறையலாம். 11.7க்குக் கீழே போனால் அணைவதுதான் அதற்கு நியாயம்.

மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு இரண்டு அளவு பாருங்கள். இன்ஜின் ஓடட்டும். ஒன்று, ரிக்கின் பவர் ஒயர் முனையில், பிடிடி அழுத்தும் கணத்தில். இரண்டாவதுதான் முக்கியம்: ரிக்கின் நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே, அதே கணத்தில். இரண்டாவதில் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அழுத்திவிடாதீர்கள்.

மலைப்பாதை:
அளந்தேன். பேட்டரியில் 13.6. ரிக்கில் சும்மா இருக்கும்போது 13.5, அழுத்தினால் 10.8ஐக் காட்டிவிட்டு அணைகிறது. நெகட்டிவுக்கு நெகட்டிவ் 1.4 வோல்ட்!

பழைய_சாலிடர்:
ஆக, போன 2.8இல் சரிபாதி உங்கள் எர்த் ஸ்குருவில் போகிறது. அந்தத் தாங்கி பெயின்ட் அடித்த தகடு. ஸ்குரு பிடித்திருப்பது இரும்பையா பெயின்ட்டையா என்று கழற்றிப் பாருங்கள். மீதி, சாக்கெட்டின் மெல்லிய ஒயர், இக்னிஷன் ரிலே, நடுவில் இருக்கும் இணைப்புகள் தின்பது. ரீங்காரத்துக்கும் அநேகமாக இதே வழிதான், ஆல்டர்னேட்டர் சத்தம் உள்ளே வருகிறது.

நேராக பேட்டரியிலிருந்து 4 ஸ்கொயர் (4 சதுர மி.மீ.) ஒயர் இழுங்கள். 3 மீட்டர் போக, 3 மீட்டர் வர, 11 ஆம்பியருக்கு 0.3 வோல்ட்தான் இழக்கும். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ரிக் பக்கத்தில் போட்டால் நடுவில் உரசுகிற ஒயருக்குக் காவல் இல்லை. பானட்டுக்குள்ளிருந்து வரும் ஓட்டையில் ரப்பர் கிரோமெட் (ஒயர் உரசாமல் காக்கும் வளையம்) கட்டாயம். பேட்டரி நெகட்டிவ் கிளாம்பில் சின்ன சென்சார் பெட்டி இருந்தால் கறுப்பு ஒயரைக் கிளாம்பில் கட்டாமல், பக்கத்தில் பாடி எர்த்தில் கட்டுங்கள்.

ஒயர்மேன்:
ஒரு வார்த்தை. டேஷ்போர்டைக் கழற்றும்போது மஞ்சள் உறை போட்ட ஒயரைத் தொடாதீர்கள், அது ஏர்பேக். அந்தக் காலி அறையும் வேண்டாம். 150 வாட் இழுத்து 50ஐத்தான் ஆன்டெனாவுக்கு அனுப்புகிறது. மீதி 100 வாட் சூடு பிளாஸ்டிக் பெட்டிக்குள் எங்கே போகும்? முகப்பு தனியாகக் கழலும் மாடல் என்றால் அதை மட்டும் டேஷ்போர்டில் வையுங்கள், உடலை சீட்டுக்கு அடியில்.

மலைப்பாதை:
முகப்பு கழலும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. ஸ்குருவைக் கழற்றினால் வாஷர் அளவுக்கு வட்டமாகப் பெயின்ட் அப்படியே பளபளக்கிறது, ஒரு கீறல் இல்லை. மரையின் ஓரம் மட்டும்தான் இரும்பைத் தொட்டிருக்கிறது. சாக்கெட் ஒயரில் நான் முறுக்கி டேப் சுற்றிய இடம் பழுப்பேறியிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் கொஞ்சம் பயம் வந்தது.

புது ஒயர் இழுத்தாயிற்று. இப்போது 50 வாட்டில் 13.2, நெகட்டிவுக்கு நெகட்டிவ் 0.1. ரீங்காரம் போய்விட்டதாக மூன்று பேர் சொன்னார்கள். ஏசி போட்டால் மட்டும் லேசாகக் கேட்கிறதாம்.

பழைய_சாலிடர்:
ஏசி ஃபேன் மோட்டாராக இருக்கும். மைக் ஒயரை அந்தப் பக்கத்திலிருந்து நகர்த்திப் பாருங்கள், அப்புறம் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் போடலாம்.

மலைப்பாதை:
நகர்த்தியதும் நின்றுவிட்டது சார், வளையம் தேவைப்படவில்லை. ரிக்கின் உடல் இடப்பக்க சீட்டுக்கு அடியில் இருக்கிறது. காலடியில் சூடு காற்று வருகிறது என்று மனைவிதான் புகார். வால்பாறைக் குளிரில் அதையும் கேட்டுப் பார்க்கிறேன். 73 (ஹாம்களின் வாழ்த்து).