லிங்கன் கையெழுத்திட்ட பழைய போட்டோ அட்டை: வாங்கும் முன் எதைச் சோதிப்பது?

சுவடிப்பெட்டி:
ஆபிரகாம் லிங்கன் படம் ஒட்டிய கார்ட்-த-விசிட் (விசிட்டிங் கார்டு அளவுப் போட்டோ அட்டை) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அட்டை 63 × 101 மி.மீ. படத்துக்குக் கீழே உள்ள ஓரத்தில் பழுப்பு மையில் "ஆபிரகாம் லிங்கன்" என்று முழுப்பெயராகக் கையெழுத்து. நான்கு மூலையும் வளைவாக இருக்கிறது. பின்பக்கம் ஸ்டுடியோ பெயர் மட்டும். உண்மைச் சான்றிதழும் தருவதாக விற்பவர் சொல்கிறார். ஸ்கேனை வைத்தே ஏதாவது முடிவு செய்ய முடியுமா? நேரில் பார்க்கக் கிடைத்தால் லென்ஸிலும் புற ஊதா விளக்கிலும் எதைத் தேடணும்? வாங்கினால் ஃபிரேம் போட்டு மாட்டலாமா?

மைக்கூடு:
கையெழுத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் அட்டையின் வயதைக் கணியுங்க. இந்த அளவு அட்டைக்குப் பாரிஸில் டிஸ்டெரி என்ற போட்டோகிராபர் காப்புரிமை வாங்கியது 1854இல். 1860களின் அட்டைகள் மெல்லிசா, நேர் மூலையோட இருக்கும். வளைந்த மூலையும் தடித்த அட்டையும் பரவலானது 1870களில். லிங்கன் இறந்தது 1865 ஏப்ரல் 15. ஸ்டுடியோவிலிருந்தே வளைந்த மூலையோட வந்த அட்டை என்றால் அதில் அவர் கையெழுத்துப் போட்டிருக்க வழியே இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஆல்பத்தின் செருகில் நுழைக்க வசதியா இருக்கட்டும்னு வீட்டிலேயே மூலையைக் கத்தரித்த அட்டைகள் நிறைய. அப்படிக் கத்தரித்தது பெரும்பாலும் சரிவா இருக்கும், நாலு மூலையும் நாலு விதமா இருக்கும், அட்டையைச் சுற்றி அச்சிட்ட கோடு இருந்தால் அது மூலையில் வெட்டுப்பட்டு நிற்கும். நாலும் ஒரே வளைவு, கோடும் கூடவே வளைகிறது என்றால் அது தொழிற்சாலை வேலை.

பின்பக்கம் வரிமுத்திரை (வரி கட்டியதற்கு ஒட்டும் தலை) இருக்கிறதா என்றும் கேளுங்க. அமெரிக்காவில் 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை விற்ற போட்டோக்களுக்கு அது கட்டாயம். இல்லாததால் மட்டும் போலி ஆகிவிடாது, அதற்கு முன்னால் விற்றதாக இருக்கலாம். இருந்தால் காலம் துல்லியமாகக் கிடைக்கும்.

முழுப்பெயர் எனக்கு உறுத்துது. கடிதத்திலும் படத்திலும் அவர் வழக்கம் "ஏ. லிங்கன்". முழுப்பெயர் அரசு ஆவணங்களுக்கு. அந்த ஆவணங்களிலும் கவனம் வேணும்: 1833 சட்டத்துக்குப் பிறகு நிலப் பட்டாக்களில் அதிபர் பெயரை எழுதியவர் அதற்கென நியமித்த செயலாளர். லிங்கன் பெயர் இருக்கும், கை அவருடையது அல்ல.

ராமபாணம்:
நேரில் கிடைத்தால் பத்து மடங்கு லென்ஸ் போதும். முதலில் அது அச்சா என்று பாருங்கள். பிரபலங்களின் படத்தோடு கையெழுத்தையும் லித்தோவில் (கல்லச்சில்) அச்சடித்து விற்றது அந்தக் காலத்தில் சகஜம். அச்சில் கோடு முழுக்க ஒரே அடர்த்தி. பேனாவில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமும் முடிகிற இடமும் கறுத்திருக்கும், கீழிறங்கும் இழுப்பில் நிப்பின் இரு கவை தடம் தெரியும். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் பின்னாளில் எடுத்த மறுபதிப்பு. அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை.

அடுத்தது மை. அன்று ஓடியது மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்த மை. எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப் பட்டுக் கறுக்கும், பல பத்தாண்டுகள் போனபின் பழுப்பாகும். போலி செய்பவர் அந்தப் பழுப்பை முதல் நாளே பாட்டிலிலிருந்து எடுத்துவிடுகிறார்! அதனால் பழுப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். புற ஊதா ஒளியில் மாசிக்காய் மை ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். நவீனச் சாய மைகளில் பல அப்படித் தெரியாது. பழைய அட்டையில் புதிதாக எழுதினால், தாளின் பசைப்பூச்சு கெட்டிருப்பதால் மை நார் நாராகக் கசியும். மடிப்புள்ள கடிதம் என்றால், கோடு மடிப்பைத் தாண்டும் இடத்தைப் பாருங்கள்: மடித்த பிறகு எழுதியிருந்தால் உடைந்த இழைகளுக்குள் மை இறங்கியிருக்கும்.

தாளே நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அதில் ஒளிர்வெளுப்பான் (தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் வேதிப்பொருள்) இருக்கிறது, அதாவது பெரும்பாலும் 1950 வாக்கிலோ அதன் பிறகோ வந்த தாள். 1983இல் வெளிவந்த போலி ஹிட்லர் டைரிகள் மாட்டிக்கொண்டதில் இதற்குப் பங்கு உண்டு. ஒளிராததை வைத்து நிம்மதி அடையாதீர்கள். பழைய புத்தகங்களின் வெற்றுத்தாளைக் கிழித்து எழுதுவது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

ஈரப் பஞ்சு வைத்து மையைத் தேய்த்துப் பார்க்கச் சொல்வார்கள். கூடவே கூடாது. உண்மையான கையெழுத்தையும் கெடுத்துவிடும்.

சுவடிப்பெட்டி:
கிட்டத்தில் எடுத்த படம் கேட்டு வாங்கினேன். வரிமுத்திரை இல்லை. நாலு மூலையும் ஒரே வளைவு, ஓரக்கோடும் கூடவே வளைகிறது. சான்றிதழில் "உண்மையானது" என்று ஒரு வரியும் ஒரு கையொப்பமும்தான்.

மைக்கூடு:
விட்டுடுங்க. மை சோதனைக்கே அவசியமில்லை. யார் பார்த்தார், எந்த மூலத்தோடு ஒப்பிட்டார், பொருள் யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்த ஏலப் பட்டியலில் வந்தது என்று எதுவும் இல்லாத சான்றிதழ் வெறும் தாள்.

ஒப்பந்தோணி:
லிங்கனோடு நிற்காமல் ஒன்று சேர்க்கிறேன். எவர் கையெழுத்தானாலும் அவரது வாழ்க்கைத் தேதிகளோடு பொருத்துங்கள். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் 1797இல் வலது கையை இழந்தார். அதன் பிறகான கடிதங்கள் இடது கையில் எழுதியவை, எழுத்தே வேறு. நெப்போலியன் 1796 வரை "புவனபார்த்தே", பிறகு "போனபார்த்", 1804க்குப் பின் "நெப்போலியன்"; போகப்போக "நெப்", வெறும் "என்" வரை சுருங்கியது. காந்தி இரண்டு கையாலும் எழுதியவர், ஆகவே வடிவ வேறுபாட்டை வைத்து அவசரப்பட்டுத் தள்ளவும் முடியாது. பால்பாயிண்ட் கடைக்கு வந்ததே 1940களில்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதிக்கு வந்தால் பெரிய தொல்லை ஆட்டோபென், ஒருவர் கையெழுத்தைப் பேனாவால் திரும்பத் திரும்பப் போடும் இயந்திரம். கென்னடி அலுவலகம் அதை ஏராளமாகப் பயன்படுத்தியது. ஒரே அழுத்தம், தொடக்கத்திலும் முடிவிலும் மைப்புள்ளி, லேசான நடுக்கம். இரண்டு கையெழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அச்சாகப் பொருந்துகிறதா? மனிதர் யாரும் அப்படி இரண்டு முறை போட மாட்டார்.

ராமபாணம்:
ஃபிரேம் கேள்வி விட்டுப்போச்சு. மூலத்தை மாட்டாதீர்கள், நல்ல நகல் எடுத்து அதை மாட்டுங்கள். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி மங்கலைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. காட்சிக்கு வைத்தே தீரணும் என்றால் 50 லக்ஸ் வெளிச்சத்துக்குள், சில மாதம் மட்டும். மற்றபடி பாலியெஸ்டர் உறையில், அமிலமற்ற அட்டைப் பெட்டியில், ஈரப்பதம் 40–50 சதவீதத்தில் கிடக்கட்டும். மாசிக்காய் மைக்கு ஈரம் ஆகாது, தாளை அரிக்கும். பி.வி.சி. உறை நாளானால் அமிலம் விடும். லாமினேஷன், செல்லோடேப், பசை மூன்றும் வேண்டாம்; மவுண்ட் பண்ண அமிலமற்ற காகித மூலைகள் போதும். குறிப்பு எழுத வேண்டுமா, அட்டையின் முதுகில் எழுதாமல் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி, உறைக்கு வெளியே வையுங்கள்.