ஆல்கேன் கலவை கொஞ்சம் கிடைக்குமா?

வணக்கம். பாபநாசம் மலையடிவாரத்து எலுமிச்சைப்புல்லில் வடித்த எண்ணெயை ஜிசி-எம்எஸ்ஸில் (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் நிறையைக் கொண்டு அடையாளம் காட்டும் கருவி) ஓட்டினோம். வரைபடத்தில் அருகருகே இரண்டு பெரிய பீக் (முகடு). மென்பொருள் இரண்டுக்குமே நெரால், ஜெரானியல் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறது. இரண்டும் எலுமிச்சை மணம் தரும் சிட்ராலின் ஐசோமர்கள் (ஒரே வாய்பாடு, வேறு அமைப்பு), மூலக்கூறு நிறை 152, எம்/இசட் (நிறை-மின்னூட்ட விகிதம்) 69 இரண்டிலுமே ஓங்கி நிற்கிறது. மென்பொருள் தரும் பொருத்தச் சதவீதத்தை மட்டும் நம்பிப் பெயர் எழுத மனம் ஒப்பவில்லை.

டிபி-5 கேபிலரியில் (பொருள்களைப் பிரிக்கும் மெல்லிய குழாய்) நெரால் முந்தி வரும், தக்கவைப்புக் குறியீடு (பொருள் வெளிவரும் நேரத்தை ஆல்கேன்களின் நேரத்தோடு ஒப்பிட்டுப் பெறும் எண்) சுமார் 1240. ஜெரானியலுக்குச் சுமார் 1270. சரி, ஆனால் நம் பீக்குக்கு அதைக் கணக்கிட, எண்ணெய் ஓடிய அதே வெப்பநிலை புரோகிராமில் சி8 முதல் சி20 வரையான ஆல்கேன் கலவையும் (8 முதல் 20 கார்பன் வரை கொண்ட நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்கள்) ஓட வேண்டும். அதுதான் எங்களிடம் இல்லை. சின்ன பீக்குகளை அடையாளம் காணவும் அது கட்டாயம் வேண்டும்.

ஒருமுறை செலுத்தும் அளவு போதும். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி ஆய்வகங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.