புதுப்பிப்பு: ஊட்டி ஈரத்தில் பிள்ளைகளுக்கு எந்தக் கேமரா?

கீழே போட்டாலும் தாங்கும், விலை குறைந்த கேமரா எட்டு வயதுப் பிள்ளைக்கு எது என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவு: பொம்மை கேமரா வேண்டாம். பெட்டியில் 40 மெகாபிக்சல் என்று போட்டிருக்கும். பலவற்றில் உள்ளே இருப்பது ஒன்றிரண்டு மெகாபிக்சல் சென்சார்தான், மீதி ஊதிப் பெருக்கியது.

செகண்ட் ஹேண்டில் நிக்கான் கூல்பிக்ஸ் டபிள்யூ100 கிடைத்தால் விடாதீர்கள். 13.2 மெகாபிக்சல், 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், 10 மீட்டர் ஆழத் தண்ணீரிலும் தாங்கும்படி செய்தது. ஆனால் பேட்டரி மூடியைத் திறந்து ரப்பர் வளையத்தைப் பாருங்கள். ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலே தண்ணீர் உள்ளே போய்விடும். வெடிப்பு இருந்தால் நனைக்கவே கூடாது. செல்போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்தால், பூஞ்சை இருந்தால் சிலந்தி நூல் மாதிரித் தெரியும். நம்ம ஊர் பீரோவில் கிடந்த கேமராவுக்கு இதுதான் முதல் வியாதி.

வேறு பழைய மாடல் என்றால் 64 ஜிபி கார்டை ஏற்காமல் போகலாம், 32 போதும்.

மூடுபனியிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸ் வேர்க்கும். வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கவும். மற்ற நேரத்தில் காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் மணிகளோடு வைக்கலாம். ஜெல் பச்சையானால், சமையலுக்கு எடுக்காத வாணலியில் சிறு தீயில் ஆரஞ்சு திரும்பும்வரை சூடாக்கலாம். தோல் உறை மட்டும் வேண்டாம், பூஞ்சைக்கு அதுவே தீனி.