அப்டேட் நின்னுபோச்சு: அடுத்து பூட்லோடர் அன்லாக் ஆகுற போனா, ஏழு வருஷ அப்டேட் தர்ற போனா?

மொட்டைமாடி:
ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டிருக்க விஷயம், இங்க யாராச்சும் விவரமா சொல்லுவீங்கன்னு போடுறேன். என்கிட்ட இருக்கற ஆண்ட்ராய்டு போன்ல ஸ்க்ரீன், கேமரா எல்லாம் இன்னும் நல்லாத்தான் இருக்கு, ஆனா கம்பெனிக்காரன் அப்டேட்டை நிறுத்திட்டான், செக்யூரிட்டி பேட்ச் வந்தே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சரி கம்பெனி சிஸ்டத்துக்குப் பதிலா ஆர்வலர்கள் ஆண்ட்ராய்டுலேருந்து உருவாக்கற லீனியேஜ் ஓஎஸ் போட்டுக்கலாம்னு பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸ் உள்ள போய்ப் பார்த்தா பூட்லோடரைத் (போன் ஆன் ஆனதும் சிஸ்டத்தை ஏத்தி விடற புரோகிராம்) திறக்க அனுமதிக்கற 'ஓஇஎம் அன்லாக்கிங்' ஸ்விட்ச் மங்கிப்போய் கிடக்கு, தட்டினா அசைய மாட்டேங்குது. சப்போர்ட்ல கேட்டா இந்த மாடலுக்கு அந்த வசதி இல்லைன்னு ஒத்தை வரில முடிச்சிட்டாங்க. போதாக்குறைக்கு நான் கேக்காத ரெண்டு மூணு ஆப் உள்ளயே உக்காந்துட்டு நோட்டிஃபிகேஷன்ல விளம்பரம் விடுது, அதுக்கு அன்இன்ஸ்டால் பட்டனும் கிடையாது.

ஆண்ட்ராய்டு ஓப்பன் சோர்ஸ், அதாவது கோடை யார் வேணா பார்க்கலாம், மாத்தலாம்னு ஊரே சொல்லுதே, அப்புறம் எப்படி இப்படி? அடுத்த போன் வாங்கறப்ப எதைப் பார்க்கணும்? பேசாம ஐபோன் வாங்கிட்டா நிம்மதியா? பூட்லோடரைத் திறந்து வெச்சா ஆபத்துன்னு வேற சிலர் பயமுறுத்தறாங்க, அது நிஜமா இல்ல கம்பெனிக்காரன் கிளப்பி விட்ட கதையா?

கர்னல்பாண்டி:
ஓப்பன் சோர்ஸ்தான் ப்ரோ, அதுல பொய் இல்ல, ஆனா எது ஓப்பன்னு பார்க்கணும். ஏஓஎஸ்பின்னு கூகுள் வெளியிடுற அடிப்படை ஆண்ட்ராய்டு பெரும்பாலும் அப்பாச்சி லைசென்ஸ், அதை எடுத்து யார் வேணா மாத்தலாம், மாத்தினதை மூடியும் வெச்சுக்கலாம், தப்பே கிடையாது. அது மேல உக்கார்ற பிளே ஸ்டோர், பிளே சர்வீசஸ் எல்லாம் கூகுளோட சொந்தச் சரக்கு, சோர்ஸ் கிடையாது, நாம தினம் யூஸ் பண்ற ஆப்ல பாதி அது இல்லாம நோட்டிஃபிகேஷன்கூட ஒழுங்கா காட்டாது. கீழ கேமரா, மோடம் (சிக்னல் பிடிக்கற சிப்), ஜிபியு (படம் வரையற சிப்) இதுக்கெல்லாம் சிப் கம்பெனி கொடுக்கற டிரைவர், அதுல பெரும்பகுதி சோர்ஸ் இல்லாம வெறும் பைனரியாத்தான் வரும். சிப் கம்பெனி அந்த சிப்பைக் கைகழுவிட்டா போன் கம்பெனி நினைச்சாலும் அப்டேட் கொடுக்கறது கஷ்டம், பல போன் சீக்கிரமே அனாதை ஆகறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நடுவுல இருக்கறது ஹார்ட்வேரை ஆட்டி வைக்கற லினக்ஸ் கர்னல், அதோட லைசென்ஸ் ஜிபிஎல் வெர்ஷன் 2. அதுக்கு மட்டும் சோர்ஸ் கொடுத்தே ஆகணும், சில கம்பெனி இழுத்தடிச்சு ஒரு ஜிப் ஃபைலாத் தூக்கிப் போடும். ஆனா இங்கதான் விஷயமே இருக்கு. கோடைக் கொடுக்கணும்னு வெர்ஷன் 2 சொல்லுது, நீ மாத்தி எழுதின கோடை உன் போன்லயே ஏத்தி ஓட்டறதுக்கு வழி விடணும்னு அது தெளிவா கட்டாயப்படுத்தல. டிவி ரெக்கார்டர் வித்த டிவோ கம்பெனி இந்த ஓட்டையில புகுந்துதான் லினக்ஸையும் யூஸ் பண்ணிட்டு, மாத்தின கோட் ஓடாதபடி பெட்டியையும் பூட்டி வெச்சாங்க. அதைத் தடுக்கத்தான் 2007ல ஜிபிஎல் வெர்ஷன் 3 வந்துச்சு, ஆனா லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் கர்னலை அதுக்கு மாத்த ஒத்துக்கல, வெர்ஷன் 2லயே நிறுத்திட்டாரு. அதனால இன்னிக்கு உன் போன் கர்னலோட சோர்ஸை நீ படிக்கலாம், திருத்தலாம், பக்கத்து ஆளுக்குக் கொடுக்கலாம், உன் போன்ல மட்டும் போட முடியாது!

இது போகப் போக மோசமாத்தான் ஆகுது. ஹுவாவே முன்னாடி அன்லாக் கோட் கொடுத்துட்டிருந்தாங்க, 2018ல நிறுத்திட்டாங்க. ஷாவ்மி, அவங்க அக்கவுண்ட்டை போனோட இணைக்கணும், காத்துக் கிடக்கணும்னு வருஷா வருஷம் இறுக்கிட்டே வர்றாங்க. சாம்சங்ல இன்னும் விசேஷம், அன்லாக் பண்ணி வேற சிஸ்டம் ஏத்தினா உள்ள ஒரு ஃப்யூஸ் எரியும், திரும்பப் பூட்டினாலும் எரிஞ்சது எரிஞ்சதுதான், ரகசிய ஃபைல் வைக்கற செக்யூர் ஃபோல்டர் அந்த போன்ல அதுக்கப்புறம் வேலைக்கு ஆகாது.

விளம்பரம் விடுற ஆப்புக்கு மட்டும் இப்பவே வழி இருக்கு. யுஎஸ்பி டீபக்கிங் ஆன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏடிபிங்கற கமாண்ட் டூல் வழியா அந்த ஆப் பேக்கேஜை உன் யூசருக்கு மட்டும் அன்இன்ஸ்டால் பண்ணலாம், ரூட் (சிஸ்டம் மேல முழு அதிகாரம்) வேணாம். ஆப்போட ஃபைல், போனோட சிஸ்டம் பகுதில அப்படியேதான் கிடக்கும், ஃபேக்டரி ரீசெட் போட்டா திரும்ப முளைச்சிடும். பேக்கேஜ் பேரை நாலு இடத்துல சரிபார்த்துட்டு பண்ணு, கண்டதைத் தூக்கினா போன் பூட் ஆகாம நிக்கும்.

பூட்டுசாவி:
பாண்டி சொன்னது சரி, ஆனா பூட்லோடர் ஆபத்துங்கறது கட்டுக்கதை இல்லீங்க. போன் ஆன் ஆகறப்ப ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தோட கையெழுத்தைச் சரிபார்த்துட்டுதான் ஓட விடும், அதுக்குப் பேரு வெரிஃபைடு பூட். அன்லாக் பண்ணிட்டீங்கன்னா அந்தச் சங்கிலி அறுந்துடுது, கொஞ்ச நேரம் போன் கைக்குக் கிடைச்ச ஆள் சிஸ்டத்தையே மாத்தி வெச்சிட்டுப் போகலாம், நீங்க ஒண்ணும் தெரியாம பின் நம்பரைப் போடுவீங்க. அன்லாக் பண்றப்ப டேட்டா மொத்தமும் அழியுறது கம்பெனி திமிர்னு சிலர் நினைக்கறாங்க, அது நம்ம பாதுகாப்புக்குத்தான், இல்லைன்னா திருடினவன் அன்லாக் பண்ணியே உள்ள பூந்துடுவான்.

என்னைக் கேட்டா பூட்டு இருக்கறது பிரச்சனையே இல்ல. சாவி யார்கிட்ட இருக்குங்கறதுதான் கேள்வி. கூகுளோட பிக்ஸல்ல நேரா வாங்கின மாடல்ல அன்லாக் பண்ணி, வேற சிஸ்டம் ஏத்தி, அந்த சிஸ்டத்தோட சாவியை போனுக்குள்ள பதிச்சு, திரும்பப் பூட்டலாம். பாதுகாப்புக்குன்னே ஆண்ட்ராய்டை மாத்தி எழுதின கிராஃபீன் ஓஎஸ் அப்படித்தான் போடறாங்க. அப்புறம் ஒவ்வொரு தடவை ஆன் பண்றப்பவும் மஞ்சள் எச்சரிக்கையோட 'வேற ஓஎஸ் ஓடுது'ன்னு ஒரு ஸ்க்ரீன் வரும், கீழ அந்தச் சாவியோட கைரேகை மாதிரி ஒரு எழுத்து வரிசை இருக்கும், அதை அவங்க வெப்சைட்ல இருக்கறதோட ஒப்பிட்டுப் பார்த்துக்கலாம். பூட்டாம திறந்தே விட்டா ஆரஞ்சு எச்சரிக்கை வரும். கூகுள்கிட்டேருந்து தப்பிக்க நினைக்கறவன் கூகுள் போனையே வாங்க வேண்டியிருக்குங்கறது தனி கொடுமை, அதை யார்கிட்ட போய்ச் சொல்றது.

ஐபோன் பத்தி: அப்டேட் விஷயத்துல குறை சொல்ல முடியாது. 2015ல வந்த 6எஸ்ஸுக்கு 2021ல வந்த ஐஓஎஸ் 15 வரைக்கும் கொடுத்தாங்க. ஆனா அங்க வாசல் ஒண்ணே ஒண்ணுதான், வாசல்காரன் யார் பேச்சைக் கேப்பான்னு உங்களால சொல்ல முடியாது. 2017ல சீன ஆப் ஸ்டோர்லேருந்து விபிஎன் ஆப்பெல்லாம் தூக்கினாங்க, 2019ல ஹாங்காங் போராட்டத்தப்ப போலீஸ் எங்க நிக்குதுன்னு காட்டின ஒரு மேப் ஆப்பையும் எடுத்தாங்க. ஐரோப்பாவுல சட்டம் போட்டு இடிச்சதுக்கு அப்புறம்தான் 2024 மார்ச்ல வேற ஆப் ஸ்டோருக்கு வழி விட்டாங்க, அதுவும் அப்ப அங்க மட்டும்.

மொட்டைமாடி:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க, சாவி விளக்கம் இப்பதான் மண்டைல ஏறுச்சு. ஆனா நான் சாதாரண ஆளு, பேங்க் ஆப் ஓடலைன்னா எனக்கு போனே வேஸ்ட். கிராஃபீனோ லீனியேஜோ போட்டா அது ஓடுமா? அப்புறம் பிளே ஸ்டோருக்கு வெளியேருந்து ஏபிகே (ஆப் ஃபைல்) போடறதையே கூகுள் நிறுத்தப் போறதா பேச்சு அடிபடுதே, நிஜமா?

பூட்டுசாவி:
உண்மையான சண்டை இப்ப நடக்கறதே அந்த இடத்துலதான். முன்னாடி சேஃப்டிநெட்னு ஒண்ணு இருந்துச்சு, இப்ப பிளே இன்டெக்ரிட்டி. ஆப் கூகுள்கிட்ட "இந்த போனை நம்பலாமா"ன்னு கேக்கும், கூகுள் பதில் சொல்லும். அந்தப் பதில் போன் பத்திரமா இருக்காங்கறதுக்கான பதில் இல்லீங்க, கூகுள் சான்றிதழ் கொடுத்த சிஸ்டமாங்கறதுக்கான பதில். உங்க இப்போதைய போனையே எடுத்துக்கோங்க, பேட்ச் இல்லாம ஒரு வருஷமா ஓட்டையோட திரியுது, ஆனா கம்பெனி சிஸ்டம்ங்கறதால நடு லெவல் டெஸ்ட்ல பாஸ். இந்த மாசப் பேட்ச் போட்டு, பூட்டும் போட்டு வெச்சிருக்கற கிராஃபீன் போன் அதே டெஸ்ட்ல ஃபெயில். பேட்ச் பழசா இருக்கான்னு பார்க்கறதெல்லாம் ஆகக் கடுமையான லெவல்ல மட்டும்தான், அதுவும் 2025லதான் வந்துச்சு.

அதனால பேங்க் ஆப் ஓடுமாங்கறது பேங்குக்கு பேங்கு மாறும். பல ஆப் இதைக் கண்டுக்கறதில்ல, சிலது மூஞ்சிலயே கதவைச் சாத்தும். கூகுள் வேலட்ல போனைத் தட்டி பணம் கட்டறது கிராஃபீன்ல கிடையாது. லீனியேஜ்ல பெரும்பாலும் பூட்லோடர் திறந்தே இருக்கும்ங்கறதால இன்னும் சிக்கல்.

கர்னல்பாண்டி:
ஏபிகே விஷயம் நிஜம். 2025 ஆகஸ்ட்ல அறிவிச்சாங்க, கூகுள் சான்றிதழ் உள்ள ஆண்ட்ராய்டு போன்ல ஆப் இன்ஸ்டால் ஆகணும்னா அதை எழுதினவர் கூகுள்கிட்ட அடையாளம் காட்டிப் பதிஞ்சிருக்கணும், பிளே ஸ்டோர்ல விக்காட்டியும் சரி. முதல்ல 2026 செப்டம்பர்ல பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, அப்புறம் மத்த நாடுன்னு திட்டம். ஓப்பன் சோர்ஸ் ஆப்பா சேர்த்துத் தர்ற எஃப்-டிராய்டு ஸ்டோர் மாதிரி ஆளுங்க சோர்ஸை எடுத்துத் தாங்களே பில்ட் பண்ணி பெரும்பாலும் தங்க சாவில கையெழுத்து போடறவங்க, முகம் தெரியாத நூறு பேர் எழுதின ஆப்புக்கு அவங்க எப்படிப் பதிவாங்க? எதிர்ப்பு கிளம்பினதும் விவரம் தெரிஞ்ச யூசருக்குத் தனி வழி வைக்கறோம்னு கொஞ்சம் இறங்கி வந்தாங்க. மால்வேர் தடுக்கத்தான்னு சொல்றாங்க, ஏபிகே அனுப்பி ஏமாத்தற கும்பல் இருக்கறதும் வாஸ்தவம்தான், அதுக்காக என் போன்ல நான் எழுதின ஆப்பைப் போடவே இன்னொருத்தன்கிட்ட பேர் பதியணும்னா அது எனக்கு ஜீரணம் ஆகல.

திருப்புளி:
எல்லாரும் சாஃப்ட்வேர்லயே நிக்கறீங்க. பேட்டரி போச்சுன்னா எந்த ஓஎஸ் போட்டு என்ன பண்ண? பழைய பேட்டரி இருக்கற ஐபோனை அப்டேட்ல மெதுவாக்கினதை ஆப்பிள் 2017 டிசம்பர்ல ஒத்துக்கிட்டாங்க, பேட்டரி மாத்தினா பழைய வேகம் வந்துடும், அது தெரியாம எத்தனை பேர் புது போன் வாங்கியிருப்பாங்க! ஒரு பார்ட் அந்த ஒரு போனோட மட்டும் ஒழுங்கா ஓடற மாதிரி ஜோடி போடற கதை வேற. ஐபோன் 13 வந்த புதுசுல வெளியாள் ஸ்க்ரீன் மாத்தினா, அது ஒரிஜினல் ஸ்க்ரீனாவே இருந்தாலும், ஃபேஸ் ஐடி செத்துடும். ஸ்க்ரீனோட ஒரு குட்டி சிப்பை பழசுலேருந்து பிரிச்சு மைக்ரோஸ்கோப் வெச்சு புதுசுல சால்டர் பண்ணினாத்தான் உயிர் வரும், கை நடுங்கினா ரெண்டும் காலி. அப்புறம் சத்தம் வந்ததும் அப்டேட்ல சரி பண்ணாங்க. அமெரிக்காவுல ஓரிகன் மாநிலம் 2024ல இந்த ஜோடி போடறதுக்குத் தடை போட்டுச்சு. ஐரோப்பாவுல 2025 ஜூன் 20லேருந்து வர்ற மாடலுக்கு விற்பனை நிறுத்தின தேதிலேருந்து அஞ்சு வருஷம் அப்டேட், ஏழு வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ்னு விதி இருக்கு. வாங்கறதுக்கு முன்னாடி அந்த மாடல் பேட்டரி வெளியில கிடைக்குமான்னு பாருங்க, எனக்கு அதுதான் முதல் டெஸ்ட்.

அரைவேக்காடு:
ஆண்ட்ராய்டு இல்லாம நேரா லினக்ஸ் ஓடற பைன்போன் வெச்சிருக்கேன், பின் மூடியைக் கழட்டினா மோடம், வைஃபை, மைக், ரெண்டு கேமரா எல்லாத்துக்கும் குட்டிக் குட்டி ஸ்விட்ச், தள்ளினா அந்தப் பாகம் அணைஞ்சிடும். அந்த ஒரு சந்தோஷத்துக்காகவே வாங்கலாம் 😄 ஆனா உண்மையைச் சொல்லிடறேன், கேமரா சுமார், ஸ்டாண்ட்பைல பேட்டரி கரையும், மெயின் போனா வெச்சுக்கச் சொல்லமாட்டேன். இது புதுசும் இல்ல, 2007லயே ஓப்பன்மோக்கோ ஆளுங்க நியோ 1973ன்னு ஒண்ணு விட்டாங்க, 2009ல நோக்கியா என்900 வந்துச்சு, அதுல டெர்மினல் வழியா ரூட் எடுக்கலாம். நல்ல ஐடியா, ஆனா ஒவ்வொரு தடவையும் ஆப் இல்லாமத்தான் காலியாகுது. அப்புறம் முழுசா ஓப்பன்னு யாரும் ஏமாற வேணாம், மோடத்துக்குள்ள ஓடறது அதோட சொந்த மூடின ஃபர்ம்வேர், பைன்போன்லயும் ஒரிஜினலா அப்படித்தான்.

பழைய போன் இருந்தா, அதுல லினக்ஸ் ஓட்டறதுக்குன்னே இருக்கற போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க, சின்ன சர்வராவாச்சும் ஓடும். அதுக்கும் பூட்லோடர் திறக்கணும்ங்கறதுதான் கடி.

மொட்டைமாடி:
அப்ப பிக்ஸல் வாங்கி, முதல்ல அதோட சிஸ்டத்துலயே ஓட்டிட்டு, கூகுள் ஏழு வருஷம் கழிச்சு கைவிட்டா அப்ப வேற போட்டுக்கறதுன்னு வெச்சுக்கலாமா?

பூட்டுசாவி:
வெச்சுக்கலாம், பிக்ஸல் 8லேருந்து ஏழு வருஷம்னு சொல்லியிருக்காங்க. ஆனா கிராஃபீன் பின்னாடி காப்பாத்தும்னு நினைக்காதீங்க, ஃபர்ம்வேர் பேட்ச் நின்னா அவங்களும் அந்த மாடலை விட்டுடுவாங்க, அப்புறம் லீனியேஜ்தான் கை கொடுக்கும். வாங்கின அன்னிக்கே ஓஇஎம் அன்லாக்கிங் ஸ்விட்ச் தட்ட முடியுதான்னு பாத்துடுங்க, நெட்வொர்க் கம்பெனி மூலமா வித்த சில மாடல்ல அது மங்கித்தான் இருக்கும், திருப்பிக் கொடுக்கற நாள் தாண்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம் உங்க பேங்க் ஆப் கதவைச் சாத்தினா சும்மா விடாதீங்க, அவங்க சப்போர்ட்டுக்கு எழுதுங்க. கூகுளைக் கேக்காமலே ஆண்ட்ராய்டோட ஹார்ட்வேர் அட்டெஸ்டேஷன் (எந்த சிஸ்டம் ஓடுதுன்னு போனோட சிப்பே கையெழுத்து போட்டுச் சொல்றது) வழியா கிராஃபீன் சாவியைச் சரிபார்க்கறது எப்படின்னு அவங்க சைட்ல டெவலப்பருக்குன்னே ஒரு பக்கம் எழுதி வெச்சிருக்காங்க, அந்த லிங்கையும் சேர்த்து அனுப்புங்க.