தகர ஷெட்டில் கட்டுவிரியன்: கடித்தால் என்ன செய்வது?

சந்தாபுரா_மேஸ்திரி: பெங்களூரு அருகே ஆனேக்கல் பக்கம் கட்டிட சைட். தர்மபுரி ஆட்கள் தரையில்தான் படுக்கிறார்கள். நேற்று ஷெட்டுக்குள் கட்டுவிரியன். கடித்தால் மேலே கயிறு கட்டணுமா?

வார்டு_நர்ஸ்: கட்டாதீங்க அண்ணா. ரத்த ஓட்டம் நின்றால் கால் அழுகும். அவிழ்த்ததும் விஷம் மொத்தமாக ஏறும். கீறல், உறிஞ்சல், ஐஸ் எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட காலை மட்டை வைத்து அசையாமல் செய்து, நடக்கவிடாமல் 108-ல் ஏற்றுங்கள்.

கட்டுவிரியன் கடியில் வலி, வீக்கம் பெரும்பாலும் இருக்காது, பல் தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். 'கேஸ் டிரபிள்' என்று சோடா கொடுத்துப் படுக்க வைப்பதில்தான் உயிர் போகிறது.

டியூட்டி_டாக்டர்: விஷமுறிவு மருந்து வழக்கமாக 10 குப்பி, ஒரு மணி நேரத்தில் டிரிப்பில். குழந்தைக்கும் அதே அளவு. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. ஒவ்வாமை வரலாம், அதை அடக்கும் அட்ரினலின் ஊசி கையருகே இருக்கணும். கண்ணாடி விரியன் கடியா என்று சந்தேகம் வந்தால் 2 மி.லி. ரத்தம், உலர்ந்த கண்ணாடிக் குழாய், 20 நிமிடம் ஆட்டாமல். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது. சோப்பு போட்டுக் கழுவிய குழாய் தவறான முடிவு தரும். கட்டுவிரியனுக்கு இந்தச் சோதனை உதவாது, இமையைப் பாருங்கள். வென்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரி எது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

சந்தாபுரா_மேஸ்திரி: சரிங்க டாக்டர். ஷெட்டுக்கு?

வார்டு_நர்ஸ்: கொசுவலை. ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகணும், சும்மா தொங்கவிட்டால் பயனில்லை. அரிசி மூட்டையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், எலி வந்தால் பாம்பும் வரும்.