கலிஃபோர்னியாவில் கடை நடத்துபவர்கள் கொஞ்சம் உதவுங்கள்: எஸ்பி 553

வணக்கம். பே ஏரியாவில் ஒரு மளிகைக் கடையின் நிர்வாக வேலை என் பொறுப்பு. பணியிட வன்முறைத் தடுப்புத் திட்டத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்ற எஸ்பி 553 சட்டம் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருப்பது தெரிந்திருக்கும். நாங்களும் மாநிலப் பணியிடப் பாதுகாப்புத் துறையான கால்-ஓஷாவின் மாதிரிப் படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறோம். இப்போது ஆண்டு மறுஆய்வு வந்துவிட்டது.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர், பொருளைத் திருப்பி எடுக்கவில்லை என்று கேஷியரை "வெளியே வா, பார்த்துக்கொள்கிறேன்" என்று மிரட்டினார். அடி எதுவும் விழவில்லை. மிரட்டலும் வன்முறைதான் என்று சட்டம் சொல்வதால் வன்முறைச் சம்பவப் பதிவேட்டில், பெயர்கள் இல்லாமல், எழுதிவிட்டேன். முதலாளிக்கோ "இதையெல்லாமா எழுதுவது?" என்று வருத்தம். பதிவேட்டை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றதும் முகம் இன்னும் சுருங்கியது. உங்கள் கடைகளில் இப்படிப்பட்டதை எழுதுகிறீர்களா? அதற்குப் பிறகு திட்டத்தில் என்ன மாற்றினீர்கள்?

அப்புறம் பயிற்சி. வருடா வருடம் நடத்த வேண்டும், ஊழியர்களுக்குப் புரியும் மொழியில், கேள்வி கேட்க வசதியோடு. வீடியோவைப் போட்டுவிட்டுக் கையெழுத்து வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்களிடம் தமிழ், ஸ்பானிஷ், நேபாளி பேசுபவர்கள் இருக்கிறார்கள். மூன்றுக்கும் ஆள் பிடித்தவர்கள் உண்டா, செலவு எவ்வளவு ஆனது?

இதற்கான நிரந்தர விதிமுறையை மாநிலப் பணியிடப் பாதுகாப்பு வாரியம் 2026 முடிவதற்குள் ஏற்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதுவரை பழைய திட்டத்தையே திருத்திக்கொண்டு போகலாமா, வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லதா?